இரணியல் இன்னும் மார்க்கெட் ஆகவில்லை

தக்கலையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் தாணுலிங்கத்துக்கு விலை என்ற விஷயத்தில் ஒரு குழப்பமும் கிடையாது. குடத்தைத் தூக்கித் தராசில் வை, எடைக்குக் காசு வாங்கு, குடத்தைக் கொடு. வாங்க வந்தவன் குலசேகரத்துக்காரனா குளச்சல்காரனா என்று தராசு கேட்காது. முப்பது வருஷமாக இப்படியே வியாபாரம் செய்து, ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து, இரணியல் ரயில் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த ஓட்டுவீட்டை இடித்து மாடிவீடும் கட்டிவிட்ட மனுஷர். அப்பேர்ப்பட்டவரை நாலே மாதத்தில் கண்ணாடி முன்னால் நின்று, ‘நான் ஆளா, மார்க்கெட்டா?’ என்று கேட்கவைத்த பெருமை சுத்தரதம் மோட்டார்ஸ் என்ற கம்பெனியைச் சேரும்.

கம்பெனியை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. எல்லாம் பூங்கனியின் மூக்கால் வந்தது.

பூங்கனி அவர் மனைவி. பெட்ரோல், டீசல் இரண்டும் அவளுக்கு ஆகாது. பஸ் ஸ்டாண்டுக்கு நூறடி முன்னாலேயே முகம் வெளுத்துவிடும். காரில் ஏறிக் கதவைச் சாத்தினால் அடுத்த வளைவில் வாந்தி. எலுமிச்சம்பழம், புளிப்பு மிட்டாய், நெஞ்சில் செய்தித்தாளைக் கட்டுவது எல்லாம் பார்த்தாயிற்று. 2004-இல், ‘சரி, ரயிலில் போய்ப் பார்ப்போம்’ என்று திருவனந்தபுரத்துக்கு ஏறினார்கள். டீசல் எஞ்சினுக்கு அடுத்த பெட்டி. பாறசாலை வருவதற்குள் அவள் குடலைத் தவிர மற்றதெல்லாம் வெளியே வந்துவிட்டது. அன்றோடு அந்த வீட்டில் ரயில் என்ற பேச்சே நின்றது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகள் அபிதாவைக் குழித்துறையில் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் கார் நின்றது. சம்பந்தியம்மா சண்முகவடிவு ஆரத்தித் தட்டோடு சிரித்த முகமாகக் கிட்டே வந்தாள். பூங்கனி கதவைத் திறந்தாள். அதற்குமேல் நடந்ததை விவரிப்பது மரியாதை இல்லை. சம்பந்தியம்மாவின் புதுப் பட்டுச்சேலையில் வாடை மூன்று தடவை துவைத்தும் போகவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். அதற்கப்புறம் பூங்கனி அந்த வாசல்படி மிதிக்கவில்லை. மகளைப் பார்க்க வேண்டுமென்றால் மகள்தான் வர வேண்டும்.

இப்போது அபிதா உண்டாகியிருந்தாள். ஏழாம் மாதம் பிறந்த வீட்டிலிருந்து ஏழு வகைச் சோறு பொங்கிக்கொண்டு போக வேண்டும். பெற்றவள் தன் கையால் மகளுக்கு முதல் கவளம் ஊட்டிவிட்டு, அப்புறம்தான் பிரசவத்துக்குக் கூட்டிவர வேண்டும். ஆடியில் செய்யக்கூடாது, ஆவணி வரை தள்ளினால் மாதம் கடந்துவிடும். 2017 ஆனி இருபத்திரண்டு, வியாழக்கிழமை என்று நாள் குறித்தாயிற்று.

“நான் வரல்ல” என்றாள் பூங்கனி. “ஒருக்கா அவுக சேலையில கக்கினது போதும். எனக்க பிள்ளைக்கு எனக்க கையால ஒரு வாய்ச் சோறு குடுக்க எனக்கு விதி இல்ல. அவுகளே ஊட்டட்டு.”

சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனவள் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. தாணுலிங்கம் அடுக்களை வாசல் வரை போய்ப் போய்த் திரும்பினார். அவர் அழுகிற பெண்பிள்ளையைத் தேற்றத் தெரியாத ஜாதி. ஆனால் பரிகாரம் தேடாமல் உட்கார்ந்திருக்கவும் மாட்டார்.

மறுநாள் பேப்பரில் பரிகாரம் வந்தது, முழுப் பக்கத்துக்கு. ‘பெட்ரோல் இல்லை! டீசல் இல்லை! புகை இல்லை! மணமே இல்லை! மின்சாரக் கார் துளிர். ஆறு லட்சம் முதல்.’ ஆறு லட்சத்தின் தலைமேல் கடுகளவு ஒரு நட்சத்திரம் இருந்தது. அது என்னத்துக்கு என்று தாணுலிங்கம் பார்க்கவில்லை. பாங்குப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினார்.

ஷோரூமுக்குள் கால் வைத்ததும் ஒரு பெண் மணியடித்தாள். ஏழெட்டுப் பேர் ஓடிவந்து கைதட்டினார்கள். அனீஷ் என்ற விற்பனைப் பையன், கழுத்துப்பட்டியை இறுக்கிக்கொண்டு, அவர் தோளில் ஒரு பொன்னாடையைப் போட்டுப் போட்டோவும் எடுத்துவிட்டான்.

“என்னத்துக்கு மக்கா இது? நான் இன்னும் ஒண்ணும் வாங்கல்லியே.”

“விசாரிக்க வந்திய இல்லியா சார்? விசாரிக்க வருகவங்களுக்கு மொதப் பொன்னாடை. அது கம்பெனி முறையாக்கும்.”

“செரி. இந்த ஆறு லட்சம் வண்டியைக் காட்டு.”

அனீஷின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. “சார், ஆறுங்கது தில்லி மார்க்கெட் வெலை. பெங்களூர் மார்க்கெட்டுல ஏழு. திருவனந்தபுரம் மார்க்கெட்டுல எட்டேகால், அங்க அடுத்த மாசம் வருகு.”

“நாகர்கோவில்ல?”

“ஒம்பதரை சார்.”

தாணுலிங்கம் மடியில் இருந்த பாங்குப் புத்தகத்தைத் தடவிப் பார்த்தார். பூங்கனியின் முகம் நினைவுக்கு வந்தது. “ஒம்பதரைன்னா ஒம்பதரை. வண்டி எங்க?”

“வண்டி வரல்ல சார். வெலைதான் வந்திருக்கு.”

கடையில் குடமே இல்லாமல் குடத்துக்கு விலை எழுதி மாட்டினால் தக்கலையில் என்ன நடக்கும் என்று தாணுலிங்கம் யோசித்துப் பார்த்தார். அடி விழும். இங்கே கைதட்டுகிறார்கள்.

“நம்ம ஊரு இன்னும் மார்க்கெட் ஆவல்ல சார்” என்று அனீஷ் குரலைத் தாழ்த்திச் சொன்னான், வீட்டில் சாவு விழுந்ததைச் சொல்கிறதுபோல. “அதுவரைக்கும் துளிர் ஹைப்ரிட் பாக்கலாமே. பாதி கரண்டு, பாதி பெட்ரோல். சர்க்காரே சலுகை குடுக்கு, இந்த மாசக் கடைசி வரைக்கும்தான். நிக்கும்போது ஒரு சொட்டுப் பெட்ரோல் குடிக்காது சார்!”

“எனக்க பழைய ஸ்கூட்டரும் நிக்கும்போது குடிக்காதே மக்கா.”

“அது நீங்க ஆஃப் பண்ணணும் சார். இது தானா ஆஃப் ஆவும். அதுக்குத்தான் சலுகை.”

ஓட்டிக் காட்ட ஹைப்ரிட்டை இரணியலுக்கே கொண்டுவந்தான். பூங்கனி குளித்து, நெற்றியில் குறி வைத்து, சாமி கும்பிட்டுவிட்டு ஏறினாள். வண்டி நின்றுகொண்டிருந்தவரை ஒரு குறையும் இல்லை. முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புகூட வந்தது. தாணுலிங்கம் அதைப் பார்த்துக் கண்கலங்கிப் போனார். கிளம்பி இருநூறடி போனதும் ஏற்றம் வந்தது. எங்கேயோ அடியில் ஒரு உறுமல். பூங்கனி அனீஷின் சட்டையைப் பிடித்து, “நிறுத்து மக்கா!” என்றாள். அவன் நிறுத்துவதற்குள் முன்சீட்டில் இருந்த கம்பெனி விளம்பரப் புத்தகங்கள் அத்தனையும் நனைந்துவிட்டன.

“அம்மா, அந்த நேரத்துல பாத்தா இருவத்திரண்டு சதமானம் கரண்டுலதான் ஓடிச்சு” என்றான் அனீஷ், துடைத்துக்கொண்டே.

“வாந்தி நூறு சதமானமும் வந்துட்டே மக்கா” என்றாள் பூங்கனி. அவளுக்கே பாவமாக இருந்தது. அவனுக்கு ஒரு துவர்த்துத் துண்டு எடுத்துக் கொடுத்தாள்.

சித்திரை பிறந்தது. தாணுலிங்கம் வாரம் ஒருமுறை போன் பேசினார். ஒவ்வொரு தடவையும் பேச்சு சூடு பிடிக்கிற நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் தண்டவாளம் அதிரும். “ஒரு நிமிஷம் இரு மக்கா, வண்டி போவுது” என்று காதைப் பொத்திக்கொள்வார். அது போனதும், கரண்டு வண்டி எப்போது வரும் என்று மறுபடி கேட்பார். கடைசியில் அனீஷ், “எனக்க கையில ஒண்ணும் இல்ல சார். மண்டலம் சார் வருகாரு. நேர்ல பேசுங்க” என்றான்.

மண்டலம் என்பது மண்டல மேலாளர். சென்னையிலிருந்து கப்பலளவு நீளத்தில் ஒரு டீசல் வண்டியில் வந்து இறங்கினார். மணியடித்தது, கைதட்டினார்கள், தாணுலிங்கத்துக்கு இரண்டாம் பொன்னாடை விழுந்தது. ‘காத்திருப்போர் பட்டியலில் மாவட்டத்திலேயே முதல்வர்’ என்று அதற்குப் பெயர். பட்டியலில் வேறு ஆள் இல்லை.

“மிஸ்டர் தாணுலிங்கம்” என்று மண்டலம் கைகளைக் கோர்த்துக்கொண்டார். “முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். நாங்க கார் விக்கிற கம்பெனி இல்ல. கார் யார் வேணா விப்பான். நாங்க மாற்றத்தை விக்கிறோம். மாற்றத்துக்கு மக்கள் தயாரா இருக்கணும். தயாராகாத மக்கள்கிட்ட வண்டியைக் கொண்டுவந்து வெச்சா என்ன ஆகும் தெரியுமா? வாங்கிடுவாங்க. வாங்கிட்டாங்கன்னா அப்புறம் அந்த மார்க்கெட்டை நாங்க எப்படி ஸ்டடி பண்றது?”

“நான் தயாராத்தான் சார் இருக்கேன். செக்குப் புஸ்தகம் கொண்டு வந்திருக்கேன்.”

“நீங்க ஒரு ஆள் சார். ஆள் வேற, மார்க்கெட் வேற. எங்க ஆய்வுப்படி உங்க மாவட்டத்துல மின்சாரக் கார் வாங்கினவங்க எத்தனை பேர்? பூஜ்யம். அப்போ தேவை இல்லைன்னுதானே அர்த்தம்? தேவை இல்லாத இடத்துக்கு எப்படி அனுப்புறது?”

“அனுப்பினாத்தானே சார் வாங்க முடியும்?”

“வாங்கினாத்தானே சார் அனுப்ப முடியும்?”

தாணுலிங்கம் வேறு பக்கமாகப் போனார். “செரி, வெலையாவது ஒண்ணா இருக்கப்பிடாதா? ஒரே வண்டி, ஒரே எடை. தில்லிக்காரனுக்கு ஆறு, எனக்கு ஒம்பதரைன்னா அது என்ன ஞாயம்?”

“தில்லியில காத்து ரொம்ப மோசம் சார். அதைச் சுத்தம் பண்ண சர்க்கார் பணம் தருது, விலை குறையுது. உங்க ஊரைப் பாருங்க. முட்டத்துல இருந்து கடல் காத்து நேரா வருது. வயல், தென்னந்தோப்பு, மலை. சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க, இதுதான் உங்க பலவீனம்.”

“அப்பம் நான் எனக்க முற்றத்துல டெய்லி நாலு டயரைப் போட்டுத் தீ கத்திச்சா வெலை கொறையுமா?”

மண்டலம் சிரிக்கவில்லை. டயரியைத் திறந்து, ‘வாடிக்கையாளர் ஒத்துழைப்பு: மிக நன்று’ என்று எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தபோது தாணுலிங்கத்தால், “சார், நீங்க எதுக்கு டீசல் வண்டியில வந்திய?” என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

“எங்க வண்டி இந்த மார்க்கெட்டுல கிடைக்கலையே சார்” என்றார் மண்டலம் வருத்தமாக.

வைகாசி பாதியில் தாணுலிங்கத்துக்கு மூளை வேலை செய்தது. பனச்சமூட்டில் அவருடைய சித்தப்பா மகன் செல்வன் இருக்கிறான். அவன் வீட்டின் நடுவே இரண்டு மாநிலங்களின் எல்லை போகிறது. முன்னறையில் உட்கார்ந்தால் தமிழ்நாடு. கை கழுவ எழுந்து பின்னால் போனால் கேரளம். செல்வனின் முகவரியைக் கொடுத்தால் திருவனந்தபுரம் மார்க்கெட் விலைக்கு வண்டி எடுக்கலாமே! எட்டேகால் லட்சம், ஒரே மாதத்தில் கையில் கிடைக்கும். செல்வனுக்கும் சம்மதம். ‘அண்ணனுக்கு இல்லாததா’ என்று மாட்டுத்தொழுவத்தை ஒதுக்கி ஷெட்டும் போட்டுவிட்டான்.

வீட்டில் வண்டிக்குக் கரண்டு கொடுக்கும் இடத்தைப் பரிசோதிக்காமல் கம்பெனி வண்டி தராது. திருவனந்தபுரம் கிளையிலிருந்து ரெஜிஷா என்ற பெண் வந்தாள். முட்டத்துக்காரி, பொறியியல் படித்தவள், பேச்சில் வளைவு நெளிவு இல்லாத பிள்ளை. கையில் அறுபத்துநாலு கேள்விகள் கொண்ட படிவம்.

நாற்பத்தோராம் கேள்வி வரை ஒரு தடங்கலும் இல்லை. நாற்பத்தொன்று: ‘வாகனம் இரவில் எந்த மார்க்கெட்டில் ஓய்வெடுக்கும்?’

ரெஜிஷா நாடாவை எடுத்து அளந்தாள். ஷெட்டின் குறுக்கே சாக்பீஸால் கோடு போட்டாள். முன்சக்கரம் இரண்டும் கேரளம், பின்சக்கரம் இரண்டும் தமிழ்நாடு. பேட்டரி பின்சீட்டுக்கு அடியில்.

“பேட்டரி தமிழ்நாட்டுலதான் ஒறங்குது அண்ணாச்சி” என்றாள், அவளுக்கே வெட்கமாக இருந்ததால் முகத்தைத் திருப்பிக்கொண்டு. “நான் என்ன செய்ய? எழுதித்தான் ஆவணும்.”

காகிதம் தலைமையகத்துக்குப் போனது. பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: வாகனத்தைப் பின்பக்கமாக ஓட்டி நிறுத்தினால் கேரள விலை தரலாம், ஒருபோதும் மூக்கு முன்னால் போகும்படி நிறுத்தமாட்டேன் என்று முத்திரைத்தாளில் எழுதித் தரவேண்டும். தாணுலிங்கம் எழுதிக் கொடுத்தார். செல்வன் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். மறு வாரம் இன்னொரு கடிதம்: பிளக் கேரளத்தில் இருக்கிறது, நல்லது, ஆனால் மீட்டர் முன்சுவரில், தமிழ்நாட்டில் இருக்கிறது. தமிழ்நாட்டு மின்சாரத்தைக் குடித்து வளரும் வாகனத்துக்குக் கேரள விலை பொருந்துமா? இது நிறுவன வரலாற்றிலேயே முதல் தடவை எழுந்திருக்கும் கேள்வி என்பதால், வாடிக்கையாளரைக் கௌரவிக்க ஒரு பொன்னாடை இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

அது மூன்றாவது. பூங்கனி அதை மடித்து அலமாரியில் வைத்தாள். “சேலைக்கடை வச்சிருந்தா இவன்கள் நல்லா இருந்திருப்பான்வ” என்றாள்.

ஜூலை ஒன்றாம் தேதி நாடு முழுவதும் புது வரி வந்தது. காலையிலேயே அனீஷ் போனில் குதித்தான். “சார், சந்தோஷ சமாச்சாரம்! மின்சாரக் காருக்குப் பன்னிரண்டு சதமானம்தான் வரி. நம்ம ஊரு வெலை ஒம்பதரையில இருந்து ஒம்பதாச்சு!”

“வண்டி வந்தாச்சா?”

“வெலை எறங்கியாச்சு சார்.”

“ஹைப்ரிட்டு?”

“அதுக்கு நாப்பத்திமூணு சதமானம் போட்டுட்டாவ. அதைப் பத்திப் பேசாதீங்க சார், அது வெறும் பெட்ரோல் வண்டி.”

போன பங்குனியில் சர்க்காரே கொஞ்சுகிற பசுமை வண்டி என்று பூங்கனியை ஏற்றி உட்காரவைத்த அதே வண்டி. தாணுலிங்கம் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். பின்னால் தண்டவாளம் அதிர்ந்தது. “ஒரு நிமிஷம், வண்டி போவுது” என்றார் பழக்கதோஷத்தில். போனபின் கேட்க ஒன்றும் இல்லை என்று தோன்றியது, போனை வைத்துவிட்டார்.

இன்னும் ஐந்தே நாள்.

திங்கட்கிழமை மத்தியானம் ரெஜிஷா இரணியலுக்கே வந்துவிட்டாள். நிரந்தர முகவரியையும் பார்க்கவேண்டுமாம். தலைமையகத்தின் கடைசி முடிவும் அவள் கையில் இருந்தது. அடுக்களையில் உட்காரவைத்து பூங்கனி சோறு போட்டாள். உள்ளித்தீயலும் அப்பளமும். தாணுலிங்கம் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“கேரள வெலையும் நாகர்கோவில் பழைய வெலையும் கூட்டிப் பாதியாக்கியிருக்காவ அண்ணாச்சி. எட்டு லட்சத்து எண்பத்தேழாயிரத்து ஐந்நூறு.”

“வண்டி எப்பம்?”

“கார்த்திகையில.”

தாணுலிங்கம் தரையில் உட்கார்ந்துவிட்டார். கார்த்திகைக்குள் பேரப்பிள்ளை பிறந்து, பால் குடித்து, முகம் பார்த்துச் சிரிக்கவும் தொடங்கியிருக்கும். “நாலு மாசமா கோமாளி மாதிரி துணி போத்திட்டு நின்னேனே பிள்ளே, ஒண்ணும் நடக்கல்லியே” என்று பூங்கனியைப் பார்த்துச் சொன்னார். பூங்கனி கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். அவருடைய முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல், பேச்சை மாற்றுவதற்காக ரெஜிஷாவிடம் திரும்பினாள்.

“நீ எதுல வந்த மக்கா? கம்பெனி கார்லயா?”

“அதுல வந்தா திரும்பிப்போவ சார்ஜ் காணாதும்மா. எப்பவும் டிரெயின்லதான்.”

“டிரெயின்லயா? அந்தப் புகையில உனக்கு மண்டை வலிக்காதா?”

“புகையா?” ரெஜிஷா அப்பளத்தை நொறுக்கினாள். “கரண்டு டிரெயின்ல எங்கம்மா புகை?”

பூங்கனியின் கரண்டி குழம்புச்சட்டிக்குள் விழுந்தது.

“கரண்டா?”

ரெஜிஷா எச்சில் கையாலேயே ஜன்னலைக் காட்டினாள். தண்டவாளத்துக்கு மேலே கம்பி ஓடியது. “பின்ன அந்தக் கம்பி எதுக்கும்மா? நாலஞ்சு வருஷமா இந்தப் பாதை முழுக்கக் கரண்டுதானே.”

பூங்கனி மெதுவாகக் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கம்பி போடும்போது தென்னையை வெட்டச் சொன்னார்கள் என்று ரயில்வேக்காரர்களோடு இரண்டு மாதம் சண்டை பிடித்தவர் சாட்சாத் தாணுலிங்கம்தான். மூன்று மனு எழுதி நஷ்டஈடும் வாங்கினார். கம்பியின் உயரம் தெரியும், அகலம் தெரியும், தென்னைமட்டை அதன்மேல் விழுந்தால் என்ன தண்டனை என்பதும் தெரியும். அது கரண்டுதான், அதில் ஓடுவது வண்டிதான், அப்படியானால் அது கரண்டு வண்டிதான் என்று சேர்த்து யோசிக்க மட்டும் யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. கரண்டு வண்டி என்றால் நாலு சக்கரமும் ஒரு மண்டலமும் வேண்டும் என்று கம்பெனி நாலு மாதம் போதித்திருந்தது.

“டிரெயின்ல போயா சம்பந்தி வீட்டுல எறங்குகது?” என்றார் மெல்ல. “ஏழு பாத்திரமும் சுமந்துட்டு? ஆளுக என்ன சொல்லும்?”

“ஆளுகளா எனக்க பிள்ளைக்குச் சோறு ஊட்டப்போவுது?” என்றாள் பூங்கனி. நாலு மாதத்தில் முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்திருந்தது. “ஸ்டேஷன்ல இருந்து அவுக வீடு பத்து நிமிஷ நடை. நீங்க பேசாம பாத்திரம் எடுத்து வையுங்க.”

வியாழக்கிழமை விடிவதற்குள் சோறெல்லாம் பொங்கியாயிற்று. புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சைச்சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப்பொங்கல், பால்சோறு. ஏழும் கடையின் புதுத் தூக்குவாளிகளில். மூடி கழன்று சிந்தாமலிருக்கப் பெரிய வாளிகள் மூன்றுக்கு பூங்கனி மூன்று பொன்னாடைகளையும் வரிந்து கட்டினாள். பக்கத்து வீட்டு விக்டோரியா இரண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு கூடவே கிளம்பினாள்.

டிக்கெட் ஜன்னலில் தாணுலிங்கம், “குழித்துறைக்கு மூணு” என்றார்.

“முப்பது ரூவா.”

“ஆளுக்குப் பத்தா? எல்லாருக்குமா? தில்லியில இருந்து ஒருத்தன் வந்து கேட்டாலும் பத்துதானா?”

உள்ளே இருந்தவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “அவன் எங்க இருந்து வந்தா எனக்கென்ன? எங்க போறான்னுதான் பாப்பேன்.”

தாணுலிங்கத்துக்குத் தன்னுடைய தராசைப் பார்த்த மாதிரி இருந்தது. “எவ்வளவு நாள் காக்கணும்?”

“ஏழு நிமிஷம். லேட்டுன்னா பதினஞ்சு.”

பூங்கனி உள்ளங்கையில் எலுமிச்சம்பழத்தைப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். வண்டி நகர்ந்தது. பள்ளியாடி வந்தது, போனது. அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். ஜன்னல் வழியே ஈரக்காற்று வந்தது. வயலும் சேறும் மணத்தன. அவளுக்கு ஐம்பத்துமூன்று வயது. வண்டியில் போகும்போது வெளியே என்னவெல்லாம் தெரியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தாள். குழித்துறையில் இறங்கியபோது எலுமிச்சம்பழம் அப்படியே முழுசாக இருந்தது.

சாரலில் குடை பிடித்து நடந்து போனார்கள். சம்பந்தி வீட்டு முற்றத்தில் சண்முகவடிவு ஆரத்தித் தட்டோடுதான் நின்றாள். ஆனால் நாலு முழம் தள்ளி நின்றாள். உடுத்தியிருந்தது சாயம் போன பழைய நூல்சேலை. அதைப் பார்த்ததும் தாணுலிங்கத்துக்குத் தலை குனிந்துவிட்டது. பூங்கனி மட்டும் நேராகக் கிட்டே போய் அவள் கையைப் பிடித்தாள்.

“போயி அந்தப் பட்டை உடுத்திட்டு வாருங்க மைனி. இன்னைக்கு ஒண்ணும் வராது.”

சண்முகவடிவு ஒரு நிமிஷம் முழித்தாள். அப்புறம் சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த ஆரத்தி தளும்பி, பழைய சேலையில் கொட்டியது. அபிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள். “அம்மா வந்துட்டா, எனக்க அம்மா வந்துட்டா” என்று சின்னப்பிள்ளைபோல் அழுதாள். பூங்கனி தேங்காய்ச்சோற்றை உருட்டி முதல் கவளத்தை அவள் வாயில் வைத்தாள். சண்முகவடிவு பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மகளோடு திரும்பி வரும்போது ரயிலில் அனீஷின் போன் வந்தது.

“சார், மேலிடத்துல முடிவாச்சு! இரணியலை மார்க்கெட்டா அறிவிச்சுட்டாவ! வண்டி ஒண்ணரை வருஷத்துல… அது என்ன சார் சத்தம்?”

“வண்டியில போயிட்டிருக்கேன் மக்கா.”

“என்ன வண்டி?”

“கரண்டு வண்டி.”

“எந்தக் கம்பெனி சார்? என்ன வெலைக்குக் குடுத்தான்?”

“பத்து ரூவா.”

“ஆன்ரோடு வெலையே பத்து ரூவாயா?”

“ரோடே வேண்டாம்னுட்டான் மக்கா” என்று போனை வைத்தார் தாணுலிங்கம்.

புரட்டாசிக் கடைசியில் அபிதாவுக்கு ஆண்குழந்தை பிறந்தது. பிள்ளையைப் பார்க்க சண்முகவடிவு வந்திருந்த அன்று, தெருமுனையில் ஒரு டீசல் வண்டி நின்றது. பூங்கனி உள்ளறையிலேயே மூக்கைச் சுருக்கினாள். மண்டலம் கையில் பொன்னாடையோடு படியேறி வந்தார். வெளியேறும் வாடிக்கையாளரை நேரில் கண்டு கௌரவிப்பதும் கம்பெனி முறையாம். ‘முன்னாள் வருங்கால வாடிக்கையாளர்’ என்று ஒரு சான்றிதழும் இருந்தது.

“உங்களால எங்களுக்குப் பெரிய பாடம் சார்” என்றார். “இரணியலைத் திரும்ப ஸ்டடி பண்ணினோம். போட்டிக் கம்பெனி ஒண்ணு, ஆயிரம் பேர் உக்கார்ற மின்சார வண்டியை, பத்து ரூபாய்க்கு, ஏழே நிமிஷத்துல டெலிவரி குடுக்குது. சார்ஜ் பண்ண நிக்கிறதே இல்ல, ஓடிட்டே சார்ஜ் ஆகுது. இவ்வளவு முன்னேறின மார்க்கெட்டுக்கு எங்க வண்டி இன்னும் தயாரா இல்லைன்னு முடிவு பண்ணி, இந்தப் பகுதியை விட்டு மரியாதையோட விலகுறோம். நாங்க வராத இடத்துல இருந்து விலகுறது இதுதான் முதல் தடவை.”

தாணுலிங்கம் நன்றி சொன்னார்.

“இந்தப் பொன்னாடையைக் குட்டித் தம்பிக்கே போத்திடறேன்” என்று மண்டலம் குழந்தையைக் கையில் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். சென்னையிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் டீசல் வண்டியில் வந்த சட்டை. குழந்தை மூக்கைச் சுருக்கியது. முகத்தைச் சுளித்தது. அப்புறம் குடித்திருந்த பால் அத்தனையையும் மண்டலத்தின் சட்டைமேலும் பொன்னாடைமேலும் கொட்டிவிட்டது.

“அப்படியே ஆச்சிக்க மூக்கு!” என்று சண்முகவடிவு கைதட்டினாள்.

பூங்கனி பிள்ளையை வாங்கித் தோளில் போட்டு முதுகைத் தடவினாள். “இதையும் ஸ்டடியில எழுதிக்கிடுங்க சார்” என்றாள்.